வீடு பேணல்: ஓதம் ஏறிய சுவர்

சென்ற இதழில் ஒழுகும் குழாய்களைப் பற்றி எழுதியதைக் கண்ணுற்ற நாகபுரி அன்பர் ஒருவர் கடிதம் விடுத்திருக்கிறார். அவர் வாங்கியிருப்பது மிகப் பழைய வீடாம். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அடிச்சுவர் பொரிந்து, மாவுபோல் உதிர்கிறதாம். இருமுறை சிமெண்டு பூசியும் பயன் இல்லை. மூன்றாம் முறை இன்னும் கெட்டியாகப் பூசலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் என்பதே என் பதில். இதைச் சொல்ல எனக்குள்ள ஒரே தகுதி, அதே தவற்றை நானும் செய்து 17,951 ரூபாயைத் தொலைத்தவன் என்பதுதான். ரெயில்வேயில் பணிபுரியும் நேயர்களுக்கு இந்தத் தொகை பரிச்சயமானதே. பூஜைக்கு முன் வருகிற 78 நாள் போனஸ் அது.

எங்கள் வீடு கொல்கத்தாவின் தென்பகுதியில் ஒரு சந்தில் இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன் கட்டப்பெற்றது. என் தந்தையார் பிராவிடண்ட் பண்டுப் பணத்தைக் கொண்டு 1996-இல் அதன் கீழ்த்தளத்தை வாங்கினார். அவர் பணியில் இருக்கும்போதே காலமானார். மெட்ரிகுலேஷன் தேறியிருந்த நான் அந்த ஆதரவில்தான் குமாஸ்தா வேலைக்கு வந்தேன். ஆகவே இந்த வீடு எங்களுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் அன்று. தெருவில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாய் இடிபட்டு அடுக்கு மாடிகள் எழுந்து வருகின்றன. எங்களையும் ஒரு ப்ரொமோட்டர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். என் அக்காள் கணவர், “இந்த ஓட்டைச் சுவரைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? கொடுத்துவிடு” என்று சொல்லாத நாள் இல்லை. அம்மா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் அம்பன் புயல் அடித்ததே, அதற்குப் பிறகுதான் அம்மாவின் அறைச் சுவரில் ஈரம் தெரியத் தொடங்கிற்று. முதலில் தரையை ஒட்டி ஒரு கறை. பிறகு வெள்ளை வெளேரென்று பூசணம்போல் உப்பு. அம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. அந்த மழைக்காலத்தில் இரவெல்லாம் உட்கார்ந்தபடியே கழித்தாள்.

2021 பூஜை போனஸ் வந்ததும் ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் பழைய பூச்சைக் கொத்தியெடுத்தார். இடுப்பளவுக்குச் சிமெண்டு பூசினார். அதன்மேல் நீர் புகாத வர்ணம் என்று ஒன்றை இரண்டு கை அடித்தார். சுவர் கண்ணாடிபோல் மின்னிற்று. நான் அக்காள் கணவருக்குப் புகைப்படம் எடுத்து அனுப்பினேன்!

அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு பெருஞ்சத்தம் கேட்டு ஓடினேன். சிமெண்டுப் பூச்சில் ஒரு முழ அகலத் தகடு பெயர்ந்து, அம்மாவின் கட்டிலில், தலையணை இருந்த இடத்தில் விழுந்து கிடந்தது. அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைக்குப் போயிருந்தாள். அவ்வளவுதான் சொல்ல முடியும். விளக்கைப் போட்டுப் பார்த்தால், முன்பு முழங்காலளவு இருந்த ஈரம் சிமெண்டுக்கும் மேலே, மார்பளவுக்கு ஏறியிருந்தது.

பக்கத்து வீட்டில் அப்போது முர்ஷிதாபாத்திலிருந்து வந்த முதிய கொத்தனார் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். மறுநாள் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சுவரிலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “நோனா” என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே நிற்காமல் வீட்டுக்கு வெளியே போய்விட்டார். சுவர் உள்ளே அல்லவா உதிர்கிறது, இவர் எங்கே போகிறார் என்று நினைத்தேன். ஒரு வருஷம் முன்பே நான் போயிருக்க வேண்டிய இடம் அதுதான்.

வெளியே இரண்டு குற்றங்களை அவர் காட்டினார். மொட்டை மாடியிலிருந்து மழைநீரை இறக்கும் வார்ப்பிரும்புக் குழாய், சுவரின் பின்புறம் ஓரிடத்தில் இணைப்பு விட்டுப் பிளந்திருந்தது. புயலில் நேர்ந்ததாக இருக்கலாம். மழை பெய்யும்போதெல்லாம் நீர் சுவரோடு வழிந்திருக்கிறது. இரண்டாவது, சந்தில் மேலும் மேலும் பாதை போட்டு நிலமட்டம் உயர்ந்துபோய், எங்கள் பக்கத்து மண்ணும் குப்பையும் சேர்ந்து, வெளித்தரை எங்கள் அறைத் தரையைவிட ஏறக்குறைய அரை அடி மேலே நின்றது. சுவர் ஈர மண்ணில் புதைந்து நிற்கிறது என்பதை நாங்கள் உள்ளே இருந்துகொண்டு எப்படி அறிவது?

இங்கே சுவரின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். செங்கல், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். இக்காலத்து வீடுகளில் இதைத் தடுக்க அடித்தளத்தின்மேல் ஈரம் ஏறாத ஒரு படுகை வைக்கிறார்கள். பழைய வீடுகள் பலவற்றில் அது கிடையாது. ஏறும் ஈரம் மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். நீர் காற்றில் உலர்ந்துவிடும், உப்பு உலராது. அது பளிங்குத் துகளாகி, பருத்து, பூச்சை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருப்பதால் ஈரம் வந்த வழியே வெளியேறும். பூச்சு கொஞ்சம் உதிரும், சுவர் பிழைக்கும். சிமெண்டோ மென்மையான பழைய செங்கல்லைவிடக் கடினமானது, இறுக்கமானது. அதன்மேல் நீர் புகாத வர்ணத்தையும் அடித்துவிட்டால், புகாத நீர் வெளியேறவும் செய்யாது. போக்கிடம் இல்லாத ஈரம் மேலே ஏறும். எங்கள் வீட்டில் மார்பளவு ஏறிய கதை இதுதான். ஒப்பந்தக்காரரை நான் குறை கூறவில்லை. அவர் புது வீட்டுக்குரிய வேலையைச் செய்தார். இது பழைய வீடு என்று சொல்ல வேண்டியவன் நான்.

அக்காள் கணவரின் யோசனையை அந்த மாதம் நானும் தீவிரமாக எண்ணிப் பார்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. கையில் பணம் இல்லை. கொத்தனாரோ, “இரண்டு நாள் வந்து காட்டித் தருகிறேன், பாபு. மற்றதை நீங்களே செய்யலாம், அவசரப்படாதவனுக்கு இது கைவரும்” என்றார். பதினான்கு ஆண்டாகக் கோப்புகளோடு பழகிய எனக்கு அவசரப்படாமை ஒன்றுதான் கைவந்த கலை. சம்மதித்தேன்.

முதல் வேலை வெளியே. குழாய் இணைப்பை மாற்ற ஆள் வைத்தேன். ஏணியில் ஏறும் வேலையை இப்பகுதியின் வாசகர் யாரும் தாமாகச் செய்யவேண்டாம். பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரோரத்து மண்ணை நானே வெட்டி, அறைத் தரைக்கு ஓரடி தாழ்வாக ஒரு சிறு வாய்க்கால் எடுத்து, நீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சாய்வு கொடுத்து, செங்கல் ஜல்லியை நிரப்பினேன். இதற்கு மேல் ஆழம் தோண்டலாகாது. அடித்தளம் வெளிப்பட்டால் விபரீதம்.

நவம்பரில் உள்ளே கை வைத்தேன். கொத்துமுன் மெயின் சுவிட்சை அணைத்தேன். பழைய சுவர்களில் கம்பி எந்த வழியாகப் போகிறது என்பது தெய்வத்துக்கே வெளிச்சம். உளியால் கொத்தியபோது ரப்பர் உறை நைந்த கம்பி ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்ததும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, அந்த அறைக்குப் புதுக் கம்பி இழுத்து, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தச் செய்தேன். மின்சாரம் எங்கேனும் கசிந்தால் கணப்பொழுதில் தொடர்பைத் துண்டிக்கும் கருவி அது. ஓதச் சுவர் உள்ள வீட்டில் அந்தச் செலவை மட்டும் குறைக்கலாகாது.

வர்ணத்தைச் சுரண்டுவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். நம் நாட்டில் வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஆகையால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நீர் தெளித்து ஈரமாகச் சுரண்ட வேண்டும். மூக்கை மூட வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடலாகாது. என் ஆறு வயது மகளை அந்த நாட்களில் மாடி வீட்டு மாமியிடம் ஒப்படைத்தேன்.

தட்டிப் பார்த்து, வெற்றொலி தந்த இடமெல்லாம் பூச்சை எடுத்தேன். ஈரக் கறைக்கு மேலும் ஓரடி. செங்கல் இடுக்கில் உதிர்ந்த காரையை அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டினேன். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி முறத்தில் ஏந்தி வெளியே கொட்டினேன். நீர் விட்டுக் கழுவினால் உப்பு மீண்டும் கரைந்து உள்ளே போய்விடும். அப்புறம் சும்மா இருந்தேன். இந்தச் சும்மா இருத்தல்தான் கடினம். ஜனவரி நடுப்பகுதி வரை சுவர் நிர்வாணமாக நின்று காற்று வாங்கிற்று. வாரம் ஒரு முறை தூரிகை. அம்மா கூடத்தில் படுத்தாள். நாங்கள் மூவரும் சாமான்களுக்கிடையே. பொங்கல் பானையைச் செங்கல் தூசிக்கு நடுவில் இறக்கிவைத்த என் மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதிலிருந்து அவள் அபிப்பிராயத்தை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில் சுண்ணாம்பு தயாராயிற்று. சுட்ட கல்சுண்ணாம்பை நீற்றும்போது நீரை முதலில் தொட்டியில் வைத்து, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். ஆகவே மூடிய கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் கிட்டே போகக்கூடாது. நீற்றிய சுண்ணாம்பை இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீருக்கடியில் ஊறவைத்தால் வெண்ணெய்போல் ஆகும். அதில் ஒரு பங்குக்கு, சுர்க்கி என்கிற செங்கல் தூள் இரண்டு பங்கு. சுர்க்கியைச் சலித்துத்தான் சேர்க்க வேண்டும். நான் வாங்கிய மூட்டையில் பாதி கல்லும் மண்ணும்.

கலவையைக் கண்டதும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். “ஏண்டா, கடுக்காய் எங்கே? கும்பகோணத்தில் தாத்தா வீட்டுக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில்தானே காரை குழைத்தார்கள்?” என்றாள். கொத்தனாரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தங்கள் பக்கத்திலும் பெரியவர்கள் வெல்லமும் வெந்தயமும் சேர்ப்பார்கள் என்றார். பிறகு என் மொழிபெயர்ப்பு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அம்மா தன் அரைகுறை வங்காளியில் கட்டளைகள் இட, அவர் தலையாட்டிக்கொண்டே குழைத்தார். பெரிய பஜாரிலிருந்து அரைக் கிலோ கடுக்காய் வாங்கி வந்தேன். காரை கரண்டியில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

பூசுமுன் சுவரை நனைக்க வேண்டும். ஒரு கைப் பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். முதல் கை இறுகிய பிறகே இரண்டாம் கை. கொத்தனார் இரண்டு நாளில் ஒரு பக்கத்தை முடித்துக் காட்டினார். மீதி மூன்று பக்கமும் என் கைவேலை. மணியாசுக்கட்டை என் கையில் படகுபோல் ஆடிற்று. வெளிச்சம் சாய்வாக விழும் மாலையில் பார்த்தால் என் சுவர்களில் அலை தெரியும். பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் காயவிடாமல் காத்தேன். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரிவாயுவை உட்கொண்டு மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது, மாதங்கள் ஆகும். மேலே வெறும் வெள்ளையடிப்புத்தான், வர்ணம் கிடையாது.

கொத்தனார் கூலி, சுண்ணாம்பு, சுர்க்கி, கடுக்காய் எல்லாம் சேர்ந்து 5,200 ரூபாய் ஆயிற்று. குழாய்க்கும் மின்கம்பிக்கும் ஆனது தனி. உத்தரங்களைப் பற்றி அன்பர் கேட்கவில்லை. எனினும் மேற்கூரையின் இரும்பு உத்தரம் துருவேறிப் பருத்திருந்தாலும், சுவரில் விரல் நுழையும் பிளவு இருந்தாலும், பொறியாளரைக் கூப்பிடாமல் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம். அவை ஞாயிற்றுக்கிழமை வேலை அல்ல.

2023 முதல் ஒவ்வொரு மழைக்காலத்தையும் அந்தச் சுவர் கண்டுவிட்டது. அலமாரிக்குப் பின்னால் ஒரு மூலையில் இன்னும் கையகலத்துக்கு உப்புப் பூக்கிறது. மாசி மாதத்தில் தட்டிவிட்டு ஒரு கை வெள்ளையடிப்பேன். அம்மாவுக்கு இழுப்பு நீங்கிவிடவில்லை, ஆனால் மழை இரவுகளில் படுத்து உறங்குகிறாள். கட்டிலைப் பழைய இடத்திலேயே போட்டிருக்கிறோம்.

நாகபுரி அன்பர் முதலில் ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வரட்டும். வெளித்தரை உள்தரைக்கு மேலா கீழா, மாடிக் குழாய் எங்கே நீரைக் கொட்டுகிறது, சாக்கடை சுவருக்கு எவ்வளவு கிட்டே என்று பார்த்து எனக்கு எழுதட்டும். அதுவரை கடைக்குப் போய் ஒரு மூட்டையும் வாங்க வேண்டாம். அடுத்த இதழில் மழையில் உப்பிக்கொண்டு மூட மறுக்கும் மரச் சன்னல்களைப் பார்ப்போம்.