கிருமி இல்லை, நஞ்சு இருந்தது

பல வருடங்களுக்கு முன்பு, கல்யாண வீட்டுப் பால்கோவா ஒன்று எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் முப்பது பேருக்கு மேல் வாந்தி. தட்டில் விதைத்து, இன்குபேட்டரில் வைத்து, இரண்டு நாள் காத்திருந்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. ‘நோய்க்கிருமி காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சமையல்காரர் அந்த அறிக்கையை லேமினேட் செய்து மாட்டிவைத்திருந்ததாகப் பிறகு கேள்வி.

இப்படி ஏமாற்றும் கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ். நம் மூக்கிலும் கைப்புண்ணிலும் குடியிருப்பது. வெதுவெதுப்பாகக் கிடக்கும் பாலில் விழுந்தால் பெருகும், நஞ்சைக் கக்கும். மறுபடி காய்ச்சினால் கிருமி செத்துவிடும். நஞ்சோ அரை மணி நேரக் கொதிப்பையும் தாங்கும். ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே ஆளைப் படுக்கவைக்கப் போதும். ‘நல்லா கொதிக்க வெச்சாச்சு’ என்ற நம் வீட்டுச் சமாதானம் இங்கே எடுபடாது.

2000-ல் ஜப்பானின் ஒசாகா வட்டாரத்தில் பால் குடித்து 13,000-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றதும் இதனால்தான். ஹொக்கைடோ தொழிற்சாலையில் மின்சாரம் போய், பால் குளிராமல் நின்றுவிட்டது. அதையே சூடாக்கிப் பவுடராக்கினார்கள்; அந்தப் பவுடர்தான் ஒசாகா பாலில் சேர்ந்தது. கிருமி போனது, நஞ்சு தங்கியது.

செத்த கிருமியைத் தட்டில் வளர்க்க முடியாது. நஞ்சையே பிடிக்க வேண்டும். அதற்குத்தான் ஆன்டிபாடி எனும் எதிர்ப்பொருள். எலைசா என்ற சோதனையின் தட்டில் ஒரு எதிர்ப்பொருள் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று மேலே ஒட்டி நிறம் காட்டும். சில மணி நேர வேலை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கிருமியின் சுவரில் உள்ள ‘புரோட்டீன் ஏ’, முயலின் எதிர்ப்பொருளை அடித்தண்டோடு கவ்விக்கொள்ளும். நஞ்சே இல்லாத உணவு மாதிரியிலும் நிறம் வந்துவிடும். கோழியின் எதிர்ப்பொருளிடம் இந்தத் திருட்டு வேலை பலிக்காது. வீரியம் நீக்கிய நஞ்சைக் கோழிக்கு ஊசியாகப் போட்டால், எதிர்ப்பொருள் மஞ்சள் கருவில் வந்து சேரும். முயலைப் போல ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, முட்டையை உடைத்தால் போதும்.

லாரி லாரியாக முட்டை அனுப்பும் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நாங்களோ இந்தச் சோதனைக்கான ‘கிட்’டுக்கு வெளிநாட்டை நம்பியிருந்தோம். அது வந்து சேரும்போது காலாவதித் தேதி பக்கத்தில் நிற்கும். விலை கேட்டால் மேலதிகாரி கோப்பை மூடிவிடுவார். அரசு பணம் ஒதுக்கி இதை இங்கேயே செய்யவைக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு ஆய்வகத்திலாவது இருக்க வேண்டும்.

எல்லா நஞ்சும் இப்படிச் சிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிஞ்சிய சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் வாந்தி நஞ்சு மிகச் சிறிய மூலக்கூறு. அதற்கு எதிர்ப்பொருள் உருவாக்குவது பெரும்பாடு. அதற்கு வேறு கருவி வேண்டும்.

பணம் வரும்வரை காசில்லாமல் ஒன்று செய்யலாம். அறிக்கைப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: ‘நஞ்சுக்கான சோதனை செய்யப்படவில்லை.’ அன்று என் படிவத்தில் அந்த வரி இல்லை.