கோடையில் கடல் கடக்குமுன்

தோழனே!

ஒரகடம் கூட்டுச்சாலையில் பொதுக்கூட்டம் முடிந்து, கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். இரவு வேலைக்கு ஆட்களை ஏற்றிய பேருந்துகள் அணி அணியாகச் சென்றுகொண்டிருந்தன. கிளைச் செயலாளர் ஒருவர் என் கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்றார். நிதிக் கணக்காக இருக்கும், அல்லது உட்பகையாக இருக்கும் என்று எண்ணினேன். இரண்டும் அல்ல. சட்டைப் பையிலிருந்து பளபளக்கும் ஏடொன்றை எடுத்து நீட்டினார்.

"பையன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. கோடையிலே இரண்டு வாரம் இங்கிலாந்து போய்ப் படிக்கலாமாம். வீட்டிலே ஏழு சவரன் இருக்கிறது. அடகு வைத்துவிடலாமா?" என்றார்.

என்னிடமா கேட்பது! கல்லூரிப் படிகளில் பாதியிலே இறங்கி வந்தவன் நான். நாடகக் கொட்டகையும் மேடையுமே எனக்குக் கலாசாலை. ஆயினும் கேட்டவர் நம்மவர், ஏட்டைப் புரட்டினேன். முதற் பக்கத்தில் ஆறு! இரண்டாம் பக்கத்தில் அரண்மனை! மூன்றாம் பக்கத்தில் மணிக்கூண்டு! பாடம் எங்கே என்று தேடினேன், தேடினேன் - கடைசிப் பக்கத்தின் அடியிலே, எறும்பெழுத்தில், "தலைமைப் பண்பு" என்று இரண்டே சொற்கள். ஆறு பார்க்கவா ஏழு சவரன்? (நம் பாலாற்றைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அதிலே நீரும் இல்லை. அது வேறு கட்டுரை.)

போகாதே என்று சொல்வேனோ? கடல் கடந்தால் தீட்டு என்று கதவடைத்த காலத்தை எதிர்த்து நின்றவர்களின் வழிவந்தவர்கள் நாம். அந்தக் கதவை நானா மீண்டும் மூடுவேன்! போ. ஆனால், எதைக் கேட்கப் போகிறாய் என்பதை இங்கேயே முடிவு செய்துகொண்டு போ என்கிறேன்.

1913ஆம் ஆண்டு, பரோடா அரசின் உதவித்தொகை பெற்று, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார் அம்பேத்கர். மாடமாளிகைகள் மலிந்த ஊர், மயங்கினாரா? 1916 மே 9ஆம் நாள், மானிடவியல் கருத்தரங்கிலே அவர் படித்த கட்டுரை எது தெரியுமா? இந்தியாவின் சாதிகளைப் பற்றியது! தன்னைத் தண்ணீர்ப் பானையருகே விடாத ஊரின் நோயைப் பெட்டியிலே எடுத்துச் சென்றார். அவர்களுடைய ஆய்வுக் கருவியைக் கொண்டு அதை அறுத்துப் பார்த்தார்.

அவர் பெயரைச் சொல்லிப் பூமாலை போடும் இந்நாட்டில், 2022ஆம் ஆண்டு என்ன நடந்தது? தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை விதிகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் கிடையாது என்று எழுதியது ஒன்றிய அரசு. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரிய தொகை அது. கோடைப் படிப்புக்கு உரியதன்று. ஆயினும் எண்ணிப்பார், தோழனே! அந்த விதி அன்று இருந்திருப்பின், அந்தக் கட்டுரையை எழுத அம்பேத்கருக்கே உதவித்தொகை இல்லை!

சரி, திருப்பெரும்புதூர் வட்டாரத்துப் பிள்ளை பெட்டியிலே எடுத்துச் செல்லவேண்டிய கேள்வி எது? இருங்காட்டுக்கோட்டையிலே கொரிய நிறுவனத்தின் கார் 1998இல் வெளிவந்தது. ஒரகடத்திலே 2010இல் பிரான்சும் ஜப்பானும் சேர்ந்து ஆலை திறந்தன. 2012இல் ஜெர்மனியின் லாரி வந்தது. அயல்நாடு நம் ஏரிக்கரைக்கே வந்துவிட்டது! காருக்குத் திருகாணி பூட்டும் விதத்தைக் காணவா கடல் கடப்பது? அதை உன் மாமன் மகன் நாள்தோறும் எட்டு மணி நேரம் செய்கிறானே!

இந்த வாயிலுக்குள்ளே தெரியாததைத் தெரிந்துகொள்ளப் போ. 2006இல் திருப்பெரும்புதூரில் கைப்பேசி செய்யத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர் வீட்டுக்குப் போனார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். வரி வழக்கு ஒருபுறம், மைக்ரோசாப்ட்டுக்கு வியாபாரம் கைமாறியது மறுபுறம். பூட்டும் முடிவு எந்த மேசையிலே எழுதப்பட்டது? அந்த மேசையருகே தொழிலாளிக்கு ஒரு நாற்காலி உண்டா? 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெயிலிலே நின்றார்களே, சங்கத்தை ஏற்றுக்கொள் என்பதற்காக - அவர்கள் கேட்டதும் அந்த நாற்காலியைத்தானே!

ஜெர்மனியிலே 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில், பாதி இருக்கை தொழிலாளர் தரப்புக்கு. லாரியை இங்கே அனுப்பினார்கள். அந்தச் சட்டத்தைக் கப்பலேற்ற மறந்துவிட்டார்கள்! அங்கே போகும் பிள்ளை, எந்திர வரைவோடு அதையும் படித்து வரட்டுமே.

இனி, வீட்டுக் கணக்கு. நம் கோடை ஏப்ரலும் மேயும். ஐரோப்பாவின் கோடை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தேர்வு நாளும் வகுப்பு தொடங்கும் நாளும் மோதிக்கொண்டால், போன பிள்ளை அரைப் பருவத்தை இழப்பான்; கட்டணம் கட்டுமுன் நாட்காட்டியைப் பார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பல்கலைக்கழக அறைகளை வாடகைக்குப் பிடித்துத் தனியார் நடத்தும் வகுப்புகளும் உண்டு. கட்டடம் பெரிது, சான்றிதழில் கையெழுத்து யாருடையது என்று கேள். அந்தப் படிப்புக்கு நம் கல்லூரி மதிப்பெண் கணக்கிலே இடம் தருமா என்று துறைத் தலைவரிடம் எழுத்திலே வாங்கு. வாய்ச்சொல் செல்லாது.

பணமில்லாதவனுக்கு வழியே இல்லையா? உண்டு, குறுகலாக. 2024 ஜூனில், நான் முதல்வன் திட்டத்தின்கீழ் 25 மாணவர்கள் அரசு செலவில் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்குச் சென்றனர். 25 என்பது போதுமா? போதாது, நம் மேடைகளில் கேட்கவேண்டிய எண் அது. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான 'டாட்', கோடையில் அந்நாட்டு ஆய்வுக்கூடங்களில் பணியாற்ற இந்திய மாணவர்களுக்கு 'வைஸ்' என்னும் உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. ஆனால் தகுதியுள்ள கல்லூரிகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளை சேரும் கல்லூரி பெரும்பாலும் அதிலே இராது. நம் மாணவர் அணி முட்டவேண்டிய கதவு அதுதான்.

இதே திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர், ஒரு பாடம் கேட்கத் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்பர். கேட்டதைத் தமக்குள் பூட்டிவைக்காமல், கோபுரத்தில் ஏறி ஊருக்கே உரக்கச் சொன்னாராம். அவருடைய சமயம் நமக்கு வேறு வழக்கு; அந்த நடையிலும் அந்தக் குரலிலும் நமக்கு வழக்கில்லை.

சென்ற வாரம் அந்தக் கிளைச் செயலாளரைக் கண்டேன். ஏழு சவரனும் அம்மையாரின் கழுத்திலே இருக்கிறது. பையன் இங்கிலாந்து ஏட்டை மூலையில் போட்டுவிட்டு, மாலையில் ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போகிறானாம். "அது கிடக்கட்டும்," என்றார் அவர், "அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டம் என்றீர்களே, அது தமிழிலே கிடைக்குமா? நம் படிப்பகத்தில் வைக்கலாமே. இரவு வேலை முடிந்து வருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள்."