நிராகரிப்புக் கடிதமும் நித்திரை இழந்தோரும்

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. ஆயினும் அது விட்டுச் சென்ற காயங்கள் யாவும் அன்றே வெளித்தெரிந்தவை அல்ல. கையிழந்தவரையும் காலிழந்தவரையும் எவரும் அடையாளங் காணலாம். உடலில் தங்கிவிட்ட குண்டுச் சிதறலையும், ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் மூச்சுத் திணறலையும், இரவில் அறுந்து போகும் உறக்கத்தையும் அலுவலகக் கோவையொன்றில் பதிவு செய்வது எளிதன்று. இத்தகைய பாதிப்புக்கு நிவாரணம் கோரும் ஒருவரிடம் போதிய ஆதாரம் இல்லை என்று கூறப்பட்டால், அவர் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது? யாழ். குடாநாட்டில் யுத்தத்தைக் கடந்து வந்த குடும்பங்களுக்கு இது ஏட்டளவிலான கேள்வி அல்ல.

இதற்கு விடை தேடுகையில், அமெரிக்காவில் முன்னாள் படையினர் விடயத்தில் பின்பற்றப்படும் நடைமுறையை நோக்குவது பயனுடையது. உறக்கத்தின்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சுப் பாதை அடைபட்டு, சுவாசம் மீண்டும் மீண்டும் தடைப்படும் நோயொன்று உண்டு. இந்நோய் உள்ளவர் இரவு முழுவதும் படுத்திருந்தும் உறங்காதவரைப் போலவே காலையில் எழுகின்றார். பகலில் தூங்கி வழிதல், உயர் இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியன இதனைத் தொடர்கின்றன. அந்நாட்டின் விதிகளின்படி, இராணுவ சேவையுடன் தொடர்புடையதாக இந்நோய் ஏற்றுக்கொள்ளப்பட்டு, சுவாசத்துக்கு உதவும் இயந்திரம் தேவைப்படுமாயின் 50 சதவீத இயலாமை கணிக்கப்பட்டு மாதாந்தக் கொடுப்பனவு வழங்கப்படுகின்றது.

ஆனால் அந்தத் தொடர்பை நிரூபிப்பதிலேயே சிக்கல் எழுகின்றது. படையில் இருந்த காலத்தில் எவரும் உறக்கப் பரிசோதனை செய்துகொள்வது அரிது. நோய் கண்டறியப்படுவதோ பல ஆண்டுகள் கழித்தே. எனவே நிராகரிப்புகள் நிகழவே செய்கின்றன. எனினும் அங்கு நிராகரிப்பு முடிவான வார்த்தையாக இருப்பதில்லை. 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, மறுக்கப்பட்டவருக்கு மூன்று வழிகள் உள்ளன. புதிய ஆதாரத்துடன் மீண்டும் விண்ணப்பிக்கலாம். இருக்கும் ஆதாரத்தையே மேல்நிலை அதிகாரி ஒருவர் மீளாய்வு செய்யுமாறு கேட்கலாம். அல்லது மேன்முறையீட்டுச் சபைக்குச் செல்லலாம். இதற்கென ஓராண்டு அவகாசம் உண்டு. சாதகமான சான்றும் பாதகமான சான்றும் ஏறத்தாழச் சமமாக இருப்பின், சந்தேகத்தின் பலன் விண்ணப்பதாரருக்கே வழங்கப்பட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

இங்கு கவனத்துக்குரிய இன்னொரு விடயமும் உண்டு. உறங்குபவர் தமது நோயைத் தாமே அறியமாட்டார். மூச்சு நின்று மீள்வதைக் கண்டு அஞ்சி விழித்திருப்பவர் மனைவியே. அவருடைய வாக்குமூலமும், ஒரே முகாமில் உறங்கிய சக வீரரின் வாக்குமூலமும் அங்கு சான்றாகக் கருத்திற் கொள்ளப்படுகின்றன. மருத்துவத் தொடர்பை வைத்தியரே கூற வேண்டும். கண்ணால் கண்டதைக் கண்டவர் கூறலாம்.

அயல்நாடான இந்தியாவிலும் இதே தத்துவம் ஏற்கப்பட்டுள்ளது. படையில் சேரும்போது நோய் எதுவும் பதியப்படாத ஒருவருக்குப் பின்னர் நோய் ஏற்பட்டால், அது சேவையினால் ஏற்பட்டதன்று என நிரூபிக்கும் பொறுப்பு அரசையே சாரும் என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்விதிகள் 2023 இல் மாற்றி எழுதப்பட்டபோதிலும், ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டவர் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை நாடலாம். ஆகவே 1987 முதல் 1990 வரை இலங்கையில் நிலைகொண்டிருந்த இந்தியப் படையில், யாழ்ப்பாணத் தெருவொன்றில் காயமடைந்த சிப்பாய்க்குக்கூட முறையிட ஓர் இடம் இருக்கின்றது. அதே தெருவில், அதே நாளில் காயமடைந்த குடிமகனின் நிலை என்ன என்பதே நமது கேள்வி.

இலங்கைப் படையினருக்கு 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ரணவிரு சேவா அதிகாரசபை அமைக்கப்பட்டது. அவர்களது குறைகளும் முற்றாகத் தீர்ந்தவை அல்ல. 12 ஆண்டு சேவையை நிறைவு செய்யுமுன் விலக நேர்ந்த ஊனமுற்ற படையினர் ஓய்வூதியம் கோரி 2017 இல் கொழும்பு வீதியில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. எனினும் உரிமை கோர அவர்களுக்கு ஒரு முகவரி இருந்தது. காயமுற்ற பொதுமக்களுக்கோ, 1987 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான புனர்வாழ்வு அதிகாரசபையின் நட்டஈடே நீண்டகாலம் கதியாயிற்று. அதன் இடத்துக்கு 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டம் இழப்பீட்டுக்கான அலுவலகத்தைக் கொண்டுவந்தது. முன்னாள் போராளிகளும் அவர்களது உறவினரும்கூட, யுத்தம் காரணமான மரணத்துக்கும் காயத்துக்கும் நட்டஈடு பெறத் தகுதியுடையோராகக் கருதப்பட வேண்டுமென அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் பரிந்துரைத்ததையும் இங்கு நினைவூட்ட வேண்டியுள்ளது.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது வறுமைக்கான உதவியேயன்றி, இழைக்கப்பட்ட தீங்குக்கான ஈடு ஆகாது. இரண்டையும் ஒன்றாக்கிக் கணக்கை முடித்துவிட முடியாது.

எல்லாவற்றிலும் மேலானது ஆதாரம் பற்றிய பிரச்சினையாகும். 1987 ஒக்டோபரில் யாழ். வைத்தியசாலைக்குள்ளேயே வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள், விடுதலைப் புலிகளால் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். உடுத்த உடையுடன் புத்தளம் சென்றவர்களிடம் காணி உறுதியே இல்லாதபோது மருத்துவத் துண்டு எங்ஙனம் இருக்கும்? சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 இல் அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துத் தமிழ் மக்கள் இரவோடிரவாகச் செம்மணி வழியே தென்மராட்சிக்கு நகர்ந்தனர். ஒருவர் துயரை மற்றவர் துயரால் அளக்க வேண்டியதில்லை. ஆனால் இரு சமூகத்தவரிடமும் அன்றைய கடதாசியைக் கேட்பது, அவர்கள் இழந்ததையே இழப்புக்குச் சான்றாகக் கேட்பதற்கு ஒப்பாகும்.

குறட்டை விடும் ஒவ்வொருவரும் யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர் என்று எவரும் வாதிட முடியாது. உடற்பருமன், வயது, கழுத்தின் அமைப்பு என இந்நோய்க்கு வேறு காரணங்கள் பல உண்டு. நெடுநாள் உறக்கமின்மையும் மன வடுக்களும் வேறு வகையானவை. யாழ்ப்பாணத்து மக்களின் உளப்பாதிப்பைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல்லாண்டுகளாக ஆய்ந்து எழுதியுள்ளார். எது யுத்தத்தால் வந்தது, எது வராதது என்பதை வைத்தியர் ஆராய்ந்து கூறட்டும். ஆராயாமலே, கடதாசி இல்லை என்பதற்காக மறுப்பதே அநீதியாகும்.

எனவே மறுக்கப்பட்டவர்கள் மனம் தளர்ந்து கடிதத்தைக் கிழித்தெறிதல் ஆகாது. அதனையும், அது கிடைத்த திகதிக்கான சான்றையும் பேணி வைத்தல் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு, தீர்மானமொன்றால் பாதிக்கப்பட்டவர் கேட்குமிடத்து அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டிய கடமையை அரச அதிகாரிகளுக்கு விதிக்கின்றது. காரணம் தெரிந்தால் மட்டுமே குறை எதுவென அறிந்து, வைத்தியரின் புதிய அறிக்கையையும் அயலவரின் சத்தியக் கடதாசியையும் இணைக்க முடியும். அதன் பின்னரும் நியாயம் கிட்டாவிடின் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளரிடமும் முறையிட இடமுண்டு.

அரசாங்கத்தின் கடமை இதனினும் பெரியது. நிராகரிக்கும் ஒவ்வொரு கடிதமும், கேட்கப்படாமலே, காரணத்தையும் மேன்முறையிடும் வழியையும் விண்ணப்பதாரரின் தாய்மொழியில் தெரிவித்தல் வேண்டும். பதிவேடுகள் அழிந்துபோன காலப்பகுதிக்குக் கண்டவரின் சாட்சியம் ஏற்கப்பட வேண்டும். சான்றுகள் சமமாகும் இடத்தில் சந்தேகத்தின் பலன் பாதிக்கப்பட்டவரையே சேர வேண்டும். போரிட்டவருக்கு உலகம் வழங்கும் இச்சலுகையை, போரின் நடுவே அகப்பட்ட குடிமக்களுக்கு மறுப்பதற்கு நியாயம் எதுவுமில்லை. நள்ளிரவில் விழித்தெழும் ஒரு முதியவரின் அருகில் அவருடைய துணைவி இன்றும் விழித்திருக்கின்றார். அவர் சொல்ல வந்ததைச் செவிமடுக்க ஓர் அலுவலகமாவது இருத்தல் வேண்டும்.