கட்டுத்தறியை விட்டு வந்த பிள்ளை

ஜூன் பிறந்தால் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளின் வாசலில் டிரங்குப் பெட்டியும் பக்கெட்டுமாகப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். பலர் காடு தோட்டத்தில் பாடுபடுகிறவர்களின் பிள்ளைகள். "நாங்க படற பாடு நீயும் படக்கூடாது சாமி" என்று விட்டுப் போகிற தகப்பனின் எண்ணத்தில் பழுதில்லை. பழுது அதற்குப் பின் நடப்பதில் இருக்கிறது.

முதல் மாதம் போன் கிடையாது, யாரும் பார்க்க வரக்கூடாது, அப்போதுதான் பிள்ளை 'செட்' ஆகும் என்பது பல விடுதிகளில் எழுதாத சட்டம். கண்டிப்பு என்று பெயர் வைத்தாலும் இது கொடுமைதான். பாசமாக வளர்ந்த பிள்ளை பத்து வயதில் அழத்தான் செய்யும். சத்தம் வராமல் தலையணைக்குள் அழக் கற்றுக்கொண்டதும், பழகிவிட்டான் என்கிறார் வார்டன்.

தோட்டத்துப் பிள்ளைக்கு வீடு என்றால் அம்மாவோடு இன்னும் பல. விடியலில் பால் பீச்சும் சத்தம், மோட்டார் போட்டதும் வாய்க்காலில் ஓடிவரும் தண்ணீர், தன் கையால் புல் போட்ட மாடு. அந்த முதல் மாதம் கழிந்து, ஞாயிற்றுக்கிழமை விடுதிப் போனுக்கு வரிசையில் நின்று பேசும் பிள்ளையைக் கவனியுங்கள். "செவலை கன்னு போட்ருச்சா? காளையா, கிடாரியா?" என்றுதான் முதலில் கேட்கும். "அதெல்லாம் உனக்கெதுக்கு? படிக்கிற வேலையைப் பாரு" என்று வாயை அடைக்காதீர்கள். கிடாரி என்று சொல்லுங்கள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கிறது, நீதான் பேர் வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மாட்டை விற்றிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். லீவுக்கு வந்து வெறும் கட்டுத்தறியைப் பார்க்கிற பிள்ளை அப்புறம் உங்கள் பேச்சை நம்பாது. "அடுத்த வாரம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்ற பொய்யும் அப்படித்தான்.

பெரும்பாலும் இந்த ஏக்கம் சில வாரங்களில் தணியும். தணியாமல், சாப்பாடு இறங்காமல், தூக்கம் கெட்டு, அடிக்கடி வயிற்றுவலி என்று படுத்தால் கட்டிய பணத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். அழைத்து வந்துவிடுங்கள். ஊர்ப் பள்ளியிலும் பாடம் அதேதான். அடியோ மிரட்டலோ இருப்பதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் மதிப்பெண்ணுக்காகப் பொங்கல் விடுமுறையில் சிறப்பு வகுப்பு வைக்கும் வழக்கம் போகவில்லை. பள்ளி நிர்வாகங்களே, மாட்டுப் பொங்கலுக்காவது இந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். கொம்புக்கு வண்ணம் பூச அவர்கள் அங்கே இருக்க வேண்டும்.