சாக்கடைக்கு ஓர் ஓட்டு

‘அரசியல் ஒரு சாக்கடை’ என்று சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்ளும் பெரிய மனிதர்களை நான் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். தேச அரசியல், ராஜ்ய அரசியல் எல்லாம் சாக்கடையா, சந்தனமா என்ற ஆராய்ச்சியில் நான் இப்போது இறங்கப் போவதில்லை. ஆனால் ஓர் அரசியல் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சாக்கடைதான். உவமையாகச் சொல்லவில்லை, உள்ளபடியே சொல்கிறேன். கார்ப்பரேஷன் அரசியலுக்குச் சாக்கடைதான் விஷயம். சாக்கடை, குப்பை, தெருவோரத்து மரம், மழைத் தண்ணீர் போகிற வழி—இவற்றை விட்டால் அதற்கு வேறு வேதாந்தம் கிடையாது. இதைச் ‘சாக்கடை’ என்று ஒதுக்கி வைக்கிறவர், தம் வீட்டு வாசலில் சாக்கடை பொங்கும்போது யாரைத் திட்டுவது என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

இதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. 2022 பிப்ரவரி 19ந் தேதி சென்னைக் கார்ப்பரேஷனுக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 200 வார்டுகள். அவற்றில் ஒன்றில் ஒரு பெண்மணி சுயேச்சையாக நின்றார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரியில் கழிவுநீர் கலக்கக் கூடாது. கட்டட இடிபாடுகளைக் கரையில் கொட்டக் கூடாது. மழைநீர் போகிற வடிகாலில் கக்கூஸ் தண்ணீரை விடக் கூடாது. குப்பையைத் தெருவிலேயே பிரித்தெடுக்க வேண்டும்—அவருடைய கொள்கைப் பிரகடனம் முழுவதும் இவ்வளவுதான். அந்தப் பிரசாரத்தை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் செய்தேன். அன்று முதல் நண்பர்களும் வாசகர்களும் என்னைக் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “கதை எழுதுகிறவருக்கு வார்டு எலெக்ஷன் எதற்கு, ஸார்?”

அவர்களுக்கு என் பதில் இது.

சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இன்று பஞ்சமில்லை. அமேஸான் காடு எரிந்தால் நம் மத்தியதர வர்க்கத்துக்குக் கண் கலங்குகிறது. இமயத்துப் பனி உருகுகிறது என்றால் ராத்திரி தூக்கம் கெடுகிறது. நல்லதுதான். ஆனால் அந்தக் காட்டுக்கும் அந்தப் பனிக்கும் இவர்களால் ஆகக்கூடிய காரியம் அநேகமாக ஒன்றுமில்லை. இவர்களால் ஆகக்கூடியது தெருக்கோடியில் இருக்கிறது. அங்கே ஏரிக்கரையில் லாரி வந்து இடிபாடு கொட்டுகிறது. இவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இமயத்தைப் பற்றிப் படிக்கிறார். தூரத்துத் துன்பத்துக்கு அழுவதில் ஒரு சௌகரியம் உண்டு: அதற்காக எழுந்து போய் எதையும் செய்ய வேண்டியதில்லை.

தெருக்கோடியைக் கவனிப்பது யாருடைய வேலை என்று அரசியல் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 1992ல் நிறைவேறி, 1993 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த 74வது திருத்தம், நகரசபைகளிடம் ஒப்படைக்கத் தக்கவை என்று 18 காரியங்களை வரிசையாகச் சொல்கிறது. குப்பையும் சுகாதாரமும் அதில் ஒன்று. நகரத்தில் மரம் வளர்ப்பதும் சுற்றுச்சூழலைக் காப்பதும் இன்னொன்று. ஆக, ‘சுற்றுச்சூழல்’ என்பது கருத்தரங்கில் பேசுகிற பேச்சு மட்டுமல்ல. ஒரு கௌன்சிலருடைய வேலை. அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்று கவனிக்காதவர் ஏரியைப் பற்றிப் பெருமூச்சு விடுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

அந்த நாற்காலிகள் வெறுமையாகக் கிடந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2016 அக்டோபரில் சென்னை மாமன்றத்தின் காலம் முடிந்தது. அம்மாதம் நடக்க இருந்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தலின் அறிவிப்பை ஹைகோர்ட்டு ரத்து செய்தது. அதன் பிறகு மாதங்கள் வருஷங்களாயின. ஐந்து வருஷத்துக்கு மேல் இந்த மாநகரத்துக்குக் கௌன்சிலர் என்று ஒருவர்கூடக் கிடையாது, அதிகாரிகளே ஆண்டார்கள். அந்தக் காலத்தில்தான், 2019 கோடையில், ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் காலத்தில்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், மழைத் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் மணற்பாங்கான பூமியில், கான்கிரீட் வடிகால் போடுகிற திட்டம் வந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கு அங்கே வசிக்கிற ஜனங்கள் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியதாயிற்று. கௌன்சிலர்கள் இருந்திருந்தால் மழை பெய்திருக்குமா என்று கேட்காதீர்கள். பெய்திருக்காது. ஆனால், “இங்கே மணல் ஐயா, இங்கே வடிகால் எதற்கு?” என்று கேட்க, ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஒரு நாக்கு மன்றத்தில் இருந்திருக்கும்.

இத்தனை வருஷம் ஓட்டுரிமை பறிபோய்க் கிடந்த நகரம், தேர்தல் வந்தவுடன் பாய்ந்து போய் ஓட்டுப் போட்டிருக்க வேண்டாமா? 2022ல் தமிழ்நாடு முழுவதும் சராசரி 60 சதவிகிதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். சென்னையில் போட்டவர்கள் சுமார் 43 சதவிகிதம். மாநகரத்தின் வாக்காளர்கள் அறுபது லட்சத்துக்கு மேல். வார்டுக்குச் சராசரி 30,000 பேர் என்று வைத்துக்கொண்டால், சாவடிக்கு வந்தவர்கள் சுமார் 13,000 பேர். வராதவர்கள் 17,000 பேர். அந்தத் தேர்தலில் ஒரு கட்சி 200க்கு 153 இடங்களைப் பிடித்தது என்று பத்திரிகைகள் எழுதின. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உண்மையில் மெஜாரிட்டி பெற்றது வீட்டில் படுத்துக் கிடந்தவர்களின் கட்சி!

இனிப் பிரசாரத்துக்கு வருகிறேன். ‘எலெக்ஷன் என்றால் பணம், பணமில்லாதவன் நிற்க முடியாது’ என்பது எல்லோரும் ஒப்பிக்கிற பாடம். அந்தத் தேர்தலில் சென்னையில் ஒரு வார்டு அபேட்சகர் சட்டப்படி செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 90,000 ரூபாய். எங்களுக்கு அதில் பாதிகூடச் செலவாகவில்லை. செலவானது செருப்புத்தான். துண்டு நோட்டீஸ் அடித்தோம். வீடு வீடாக நடந்தோம். எடுத்தவுடன் ஓட்டுக் கேட்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, “2015 டிசம்பரில் உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது? போன நவம்பர் மழையில் எத்தனை நாள் நின்றது?” என்று கேட்டோம். கதவுகள் திறந்துகொண்டன. ஒருவர் முழங்காலைக் காட்டினார். ஒருவர் இடுப்பைக் காட்டினார். ஒரு கிழவி சுவரில் இருந்த கறையையே காட்டினாள். எந்தத் தெருவுக்கு எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வருகிறது, எந்தச் சிறுபாலம் அடைத்துக்கொண்டிருக்கிறது, எவர் வீட்டுச் சுவர் பழைய கால்வாயின் மேல் நிற்கிறது—அந்தப் பேட்டையின் பூகோளம் முழுவதும் மூன்று வாரத்தில் அந்த நோட்டில் ஏறிவிட்டது. ஜனங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கேட்பார்தான் இல்லை.

அடுக்குமாடிக் கட்டடங்களில் கதை வேறு. வாட்ச்மேன் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். உள்ளே போக முடிந்த இடங்களில் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். “உங்கள் நோக்கம் உயர்ந்தது. ஆனால் சுயேச்சைக்குப் போட்டால் ஓட்டு வீண்தானே?” என்றார்கள். “மனு எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறோம், வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்புகிறோம்” என்றார்கள். கையெழுத்துப் போடத் துடிக்கிற அந்த விரல் ஓட்டுச் சாவடி மை என்றால் மட்டும் ஏன் கூசுகிறது?

ஏரிக்கரைக் குடிசைகளில் யாரும் அப்படிப் பசப்பவில்லை. அங்கே ஒரு பெண், எங்கள் நோட்டீஸைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அபேட்சகரைப் பார்த்துக் கேட்டாள்: “ஏரியைக் காப்பாத்தறேன்னு வர்றீங்களே, டீச்சரம்மா, எங்களைக் காலி பண்ணிடுவீங்களா?”

அந்தத் தேர்தல் முழுவதிலும் நான் கேட்ட மிக முக்கியமான கேள்வி இதுதான். சுற்றுச்சூழல் என்ற சொல்லைக் கேட்டால் ஏழைக்குப் பயம் வருகிறது. வர நியாயம் இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரத்தின் கோடியில் இருக்கும் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. வேலையும் பள்ளிக்கூடமும் ஓரிடம், வீடு ஓரிடம் என்று ஆயிற்று. நதிக்கரைக் குடிசை ஆக்கிரமிப்பு என்று எடுக்கப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுருக்கி எழுந்த பெரிய கட்டடங்களோ நிமிர்ந்து நிற்கின்றன. அந்தச் சதுப்பில் பெருங்குடிப் பக்கம் பல்லாண்டுகள் குப்பை கொட்டி மலையாக்கியது குடிசைவாசியா? மாநகரமே கொட்டியது. அதே சதுப்பு 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து, உலகம் மதிக்கும் ஈரநிலமாயிற்று.

அந்தப் பெண்ணுக்கு எங்கள் அபேட்சகர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. “உன் வீட்டைத் தொடுவதற்கு முன்னால், ஏரிக்குள் சாக்கடைக் குழாயை விட்டிருக்கிற மாடி வீடுகளுக்குப் போவேன். அங்கே போக எனக்குத் தைரியமில்லை என்றால் உன்னிடம் வர எனக்கு உரிமை இல்லை.” இதைச் சொன்னதால் மாடி வீட்டு ஓட்டுகள் சில குறைந்திருக்கலாம். குறையட்டும். ஏரியைக் காப்பாற்ற ஏழையைத் துரத்துவதுதான் வழி என்றால் அது சுற்றுச்சூழல் இயக்கமல்ல. வீட்டு மனை வியாபாரம்.

எங்கள் அபேட்சகர் தோற்றார். டிபாசிட் 4,000 ரூபாயும் போயிற்று. “பார்த்தீரா?” என்று சிரித்தவர்கள் உண்டு. 200 வார்டுகளில் ஜெயித்த சுயேச்சைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். எனக்கும் கணக்குத் தெரியும். ஆனால் அந்த நோட்டுப் புத்தகம் தோற்கவில்லை. 2022 ஜூனில் வார்டு கமிட்டிகளுக்கும் ஏரியா சபைகளுக்கும் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. நவம்பர் 1ந் தேதி, உள்ளாட்சி நாளன்று, அந்தச் சபைகள் கூடின. எங்கள் ஆசிரியை அங்கே போய், ஜெயித்த கௌன்சிலருக்கும் இன்ஜினீயருக்கும் முன்னால் நோட்டைப் பிரித்துத் தெருத் தெருவாகப் படித்தார். சில மாதத்தில் ஒரு சிறுபாலத்தின் கண்ணை அடைத்திருந்த மண் எடுக்கப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தப் பாலத்தை ஒட்டிய இரண்டு தெருக்களில் தண்ணீர் ஒரே நாளில் வடிந்தது. மற்றத் தெருக்களில் வடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘கௌன்சிலருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? கமிஷனர்தானே எல்லாம்? தண்ணீருக்கு ஒரு வாரியம், சதுப்பு நிலத்துக்கு வனத்துறை என்று ஆளுக்கொரு துண்டாக வைத்திருக்கிறார்களே?’ என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வாஸ்தவம். அதிகாரம் போதாது, இன்னும் வேண்டும் என்று கேட்க வேண்டியதுதான். ஆனால் யார் கேட்பது? வாரியத்தின் தலைவரை நீங்கள் தெருவில் பார்த்ததுண்டா? உங்கள் தெருவில் நடந்து போகிற, கையைப் பிடித்து நிறுத்திக் கேட்கக்கூடிய ஒரே அதிகாரம் கௌன்சிலர்தான். ‘அதற்குத்தான் கோர்ட்டு இருக்கிறதே!’ என்பார் இன்னொருவர். கோர்ட்டு, மரம் விழுந்த பிறகு வருகிறது. நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை போடுகிற நகரத்தில், தினம் காலையில் எந்த நீதிபதி வந்து பிரித்துக் கொடுப்பார்?

‘2023லும் கௌன்சிலர்கள் இருந்தார்களே, வெள்ளம் வந்ததே?’ என்றால், அதற்கும் பதில் உண்டு. கௌன்சிலர் தமக்கு ஓட்டுப் போடுகிறவர் யார், போடாதவர் யார் என்று நன்றாக அறிந்தவர். ஏரிக்காக ஓட்டுப் போடுகிறவர்கள் வார்டுக்கு 2,000 பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், எந்தக் கட்சியின் கௌன்சிலரும் ஏரிக்கரைக்கு நடந்து போவார். இரண்டு பேர் இருந்தால் கலியாண வீட்டுக்குத்தான் போவார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஆகவே, தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடி வராதீர்கள். இப்போதே வார்டுக்குப் பத்துப் பேர் சேருங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். மழை நின்ற மறுநாள் தெருத் தெருவாகப் போய்த் தண்ணீரின் உயரத்தை எழுதுங்கள். ஏரியா சபையில் போய் அதைப் படியுங்கள். எந்தக் கட்சிக்காரர் அபேட்சகராக வந்தாலும் அந்த நோட்டை அவர் முன்னால் வையுங்கள். யாரும் அதைத் தொடவில்லை என்றால் உங்களில் ஒருவர் நில்லுங்கள். 2016ல் வந்த சட்டப்படி சரிபாதி இடங்கள் பெண்களுக்கு உண்டு; வீட்டில் தண்ணீர் புகுந்தால் அதை இறைத்துக் கொட்டுகிறவர்கள் அவர்கள்தான், அவர்களே நிற்கட்டும். தோற்றால் நாலாயிரம் ரூபாய் போகும். 2015ல் உங்கள் வீட்டில் தண்ணீரோடு போனது அதைவிட அதிகம்.

இதெல்லாம் முடியாது என்றால், சாக்கடை பொங்கும்போது தயவுசெய்து எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். நான் கதை எழுதுகிறவன்.