உண்ணாவிரதம் விளையாட்டன்று

உண்ணாவிரதம் என்னுஞ் சொல் நம்மிடையே மிக மலிந்துவிட்டது. காலையிற் பந்தலில் அமர்ந்து மாலையில் இளநீர் அருந்தி எழுந்து செல்வதும் உண்ணாவிரதம். உயிரைப் பணயம் வைத்துப் பட்டினி கிடப்பதும் உண்ணாவிரதம். முன்னையதை ‘அடையாள’ என்னும் அடைமொழி ஒருவாறு காத்துக்கொள்கிறது. ஆயின், ‘சாகும்வரை’ என்று பலகையில் எழுதி வைத்துவிட்டு, மூன்றாம் நாள் எவரோ ஓர் அரசியல்வாதி நீட்டும் குளிர்பானத்தோடு முடித்துக்கொள்வதை எப்பெயரால் அழைப்பது? பட்டினி கிடப்பவரைக் குறை கூற நாம் இதனை எழுதவில்லை. அவரைப் பந்தலில் அமர்த்துவோர்க்கும், அப்பந்தலைச் சூழ்ந்து நிற்போர்க்கும் கடமைகள் உள. அக்கடமைகளைப் பற்றியதே எம் பேச்சு.

நோன்பு நமக்குப் புதியதன்று. கந்தசஷ்டியில் ஆறு நாள் விரதங் காத்து ஏழாம் நாள் பாரணை செய்யும் மக்கள் நம் ஊர்கள்தோறும் உளர். சூரியன் மறையும் வரை நீரும் அருந்தாது ஒரு மாதம் நோன்பிருக்கும் முஸ்லிம் மக்களும், நாற்பது நாள் தவக்காலம் அனுட்டிக்கும் கிறித்தவர்களும் நம் அயலவரே. இவை யாவற்றுக்கும் பொதுவான ஒரு பண்பு உண்டு. தொடக்கமும் முடிவும் முன்னரே வகுக்கப்பட்டுள்ளன. நோயாளிக்கும் குழந்தைக்கும் விலக்குண்டு. எல்லையே நோன்பின் காவல். அரசியல் உண்ணாவிரதத்துக்கோ அக்காவல் இல்லை. அது எப்போது முடியும் என்பதை எதிரியின் கையில் ஒப்படைத்துவிட்டே ஒருவர் அதில் அமர்கிறார்.

உடலில் நிகழ்வது யாது? ஈரலிற் சேர்ந்துள்ள சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளிலேயே தீர்ந்துவிடும். பின்னர் உடல் தன் கொழுப்பை உருக்கும். அக்கொழுப்பிலிருந்து ஈரல் ஆக்கும் கீற்றோன் என்னும் பொருளை மூளை எரிபொருளாக ஏற்றுக்கொள்ளும். சில நாட்களிற் பசியுணர்வும் மங்கும். பந்தலில் இருப்பவர் முகத்தில் அப்போது தோன்றும் அமைதியைக் கண்டு, “அவருக்கு ஒன்றுமில்லை, நலமாகவே இருக்கிறார்” என்று கூறுவோர் பலர். அது பேதைமை. அவ்வேளையிலும் தசை கரைகிறது. இருதயமும் ஒரு தசையே என்பதை மறத்தலாகாது. உயிர்ச்சத்து ‘பி’ வகையுள் ஒன்றான தயமின் வாரக்கணக்கிற் குன்றும்போது கண்ணோட்டம் பிறழும், நடை தளரும், நினைவு கலங்கும். பின்னர் உணவு உண்டாலும் இழந்த நினைவு மீளாதிருத்தல் கூடும்.

நீரின் நிலை வேறு. வட அயர்லாந்துச் சிறையில் நீரும் உப்பும் மட்டும் கொண்ட பொபி சாண்ட்ஸ் 66 ஆம் நாளில், 1981 மே 5 இல், உயிர் நீத்தார். நல்லூரில் நீரையும் மறுத்த திலீபன் பன்னிரண்டாம் நாளில், 1987 செப்டெம்பர் 26 இல், உயிர் நீத்தார். நீரை மறுப்பவருக்கு நாட்களே உண்டு, வாரங்கள் இல்லை. பேச்சுவார்த்தைக்குக் காலந் தேடுவோர் இக்கணக்கை அறிந்திருத்தல் வேண்டும்.

உள்ளத்தில் நிகழ்வது யாது? 1944, 1945 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில், போரிற் படைக்கலம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப் பட்டினி கிடந்தனர். உடல் நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கை இழந்தனர். அன்செல் கீஸ் என்பவர் நடத்திய அவ்வாய்வில் அவ்விளைஞர் ஞானிகள் ஆயினரா? இல்லை. சோர்ந்தனர், சினந்தனர், தோழரை விட்டு ஒதுங்கினர், இரவும் பகலும் உணவையே நினைந்தனர். சமையல் நூல்களைத் தேடிப் படித்தவரும் அவருள் இருந்தனர்.

இதிலிருந்து பெறும் பாடம் பெரிது. பசி தானாக எவரையும் தூய்மை செய்வதில்லை. அவ்வாறு செய்யுமாயின், மழை பொய்த்து வயல் கருகிய ஆண்டில் உலை வைக்க வழியற்ற கமக்காரன் வீட்டிலன்றோ ஞானம் விளைந்திருத்தல் வேண்டும்? அவ்வீட்டிற் பசி துன்பமே, நோன்பன்று. உணவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ‘வேண்டேன்’ என்று ஒருவர் தம் மனத்தால் விலக்கும்போதே அது நோன்பாகிறது. பசியைப் புனிதமாக்குவது அவ்விருப்பமே. 1988 இல் போர் நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் வேண்டி, மட்டக்களப்பு மாமாங்கத்தில் மார்ச் 19 முதல் ஏப்பிரல் 19 வரை நோன்பிருந்து மாண்ட பூபதி அம்மையை மக்கள் இன்றும் அன்னையென்று போற்றுவது அவர் பசித்ததற்காகவன்று, அவர் தேர்ந்ததற்காகவே.

ஆகவே, ஒருவரின் உண்ணாவிரதத்தை இன்னொருவர் தீர்மானித்தல் ஆகாது. கட்சி தீர்மானித்தலும் ஆகாது. “நீ இரு, நாம் பார்த்துக்கொள்கிறோம்” என்று ஓர் இளைஞனிடம் கூறும் தலைவன், தன் உடலில் அன்றிப் பிறன் உடலில் அரசியல் நடத்துகிறான்.

உண்ணாவிரதத்தின் பயனையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். 1932 செப்டெம்பரில் எரவாடாச் சிறையில் காந்தியடிகள் உண்ணாதிருக்க, பூனா உடன்படிக்கை பிறந்தது. அதிற் கையொப்பமிட்ட அம்பேத்கரே பின்னர் அந்நோன்பைக் கடுமையாகக் கண்டித்தார். அச்சுறுத்திப் பெற்ற சம்மதம் சம்மதமாகுமா என்பது சட்டம் கற்ற எவரும் கேட்கும் கேள்வி. பொட்டி சிறீராமுலு 58 நாள் உண்ணாதிருந்து 1952 டிசெம்பர் 15 இல் மாண்டார். அடுத்த ஆண்டே ஆந்திர மாநிலம் அமைந்தது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்னும் பெயரையும் வேண்டி 76 நாள் நோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 ஒக்டோபர் 13 இல் மாண்டார். அப்பெயர் 1969 இலேதான் நடைமுறைக்கு வந்தது. எதிர்நிற்பவனுக்கு நாணமோ, வாக்குத் தேவையோ, உலகின் முன் மானமோ இருந்தாலன்றி இவ்வாயுதம் அவனைத் தைப்பதில்லை.

நம் நாட்டில் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 2015 ஒக்டோபரில் தமிழ் அரசியற் கைதிகள் சிறைகளில் உண்ணாதிருந்தனர். நவம்பர் 7 க்குள் தீர்வு கிட்டும் என்ற வாக்குறுதியை நம்பி நிறுத்தினர். தீர்வு வராமையால் நவம்பர் 8 இல் மீண்டுந் தொடங்கினர். 2017 ஜனவரியில் வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் உண்ணாதிருந்தனர். அமைச்சர் ஒருவரின் உறுதிமொழியின் பேரில் நான்காம் நாளில் அதுவும் நிறுத்தப்பட்டது. அவர்கள் பிள்ளைகளைப் பற்றிய விடை இன்றும் வரவில்லை. காணி வாங்குகையில் வாய்ச்சொல்லை நம்பாது உறுதி எழுதுவிக்கும் நாம், உயிரை ஈடு வைத்த இடத்தில் வாய்ச்சொல்லை ஏற்பது முறையா?

கடமைகளைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, ‘சாகும்வரை’ என்னுஞ் சொல்லை அமர்பவர் மட்டுமே தம் வாயாற் சொல்லட்டும். இரண்டாவது, அவர் அமருமுன்னரே, நம்பிக்கைக்குரிய வைத்தியர் ஒருவர் அவரைத் தனிமையிற் கண்டு, விளைவுகளை எடுத்துரைத்து, நினைவு தவறினால் செய்யத்தக்கது யாதென அறிந்து குறித்துக்கொள்ளட்டும். மூளை கலங்கிய பின் கேட்டுப் பயனில்லை. உலக மருத்துவச் சங்கம் 1991 இல் வெளியிட்ட மால்ற்றாப் பிரகடனமும், அவரைத் தனிமையிற் கண்டு விருப்பத்தை அறியுமாறு வைத்தியரைப் பணிக்கிறது. தெளிந்த அறிவோடு மறுப்பவருக்குப் பலவந்தமாக உணவு புகட்டலாகாதென்றும் விதிக்கிறது. மூன்றாவது, எவ்வேளையும் மானத்தோடு எழுந்து வர அவருக்கு வழி திறந்திருக்கட்டும். எழுந்தவரைக் கோழையென்று ஏசும் நாவுக்கு நம் கூட்டங்களில் இடமளித்தலாகாது. நான்காவது, வாக்குறுதி எழுத்தில், திகதியோடு, சாட்சிகள் முன்னிலையில் அமையட்டும்.

ஐந்தாவது, உயிர் காக்கும் செய்தி. நெடும் பட்டினியின்பின் உணவே நஞ்சாகலாம். மாச்சத்து திடீரென உடலிற் புகுந்ததும் குருதியிலுள்ள பொசுபேற்று, பொற்றாசியம் முதலிய உப்புகள் சடுதியாகக் குறைந்து இருதயம் நின்றுவிடக்கூடும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதவர்க்கே இவ்வாபத்து உண்டு. கமரா முன் ஊட்டும் இனிப்புப் பானமன்று அவருக்கு வேண்டுவது. வைத்தியசாலைக் கட்டிலும், தயமினும், நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டும் ஆகாரமுமே வேண்டும். சஷ்டிப் பாரணைக்கு இலை நிறையப் பரிமாறும் அன்பு, நாற்பதாம் நாட் பட்டினியாளரைக் கொன்றுவிடும்.

வைத்தியர்களே, சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, வயலிலிருந்து வந்து பந்தலோரத்தில் நிற்கும் கமக்காரப் பெருமக்களே! அடுத்த பந்தல் எழும்போது, உள்ளே இருப்பவர் எத்தனை நாள் தாங்குவார் என்று கேட்பதை விடுங்கள். வெளியே நிற்கும் நாம் என்ன செய்து முடித்தோம் என்று கேளுங்கள். மனுக்களை எழுதினோமா, வழக்கை நடத்தினோமா, ஊரைத் திரட்டினோமா? இவை யாவும் செய்தபின் எஞ்சுவதே உண்ணாவிரதம். அவை செய்யாதார் ஒருவரின் பட்டினியைக் காட்டித் தம் சோம்பலை மறைப்பது அறமன்று.