மதிலை ஒட்டிய வெடிமருந்து

2012 மார்ச் 4, ஞாயிறு காலை. காங்கோ குடியரசின் தலைநகர் பிரசாவில்லில் இராணுவ முகாம் ஒன்றின் வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்தது. அருகிலிருந்த புனித லூயிஸ் ஆலயம், திருப்பலிக்குக் கூடியிருந்த மக்கள்மேல் இடிந்து விழுந்தது. நகரில் ஏறக்குறைய 300 பேர் இறந்தனர். மின்கசிவே காரணம் என்றது அரசு. மின்கசிவு எந்த வீட்டிலும் நேரக்கூடியதுதான். ஆனால் இங்கே தீ பிடித்தது குண்டுகள் அடுக்கிய கிடங்கில். மதிலுக்கு அப்பால் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள்!

வெடிமருந்து, அரிசி மூட்டைபோல் சும்மா கிடக்கும் பொருளன்று. குண்டை உந்தித் தள்ளும் நைட்ரோசெல்லுலோஸ் மருந்து நாள்பட நாள்படத் தானாகவே சிதைகிறது. சிதைவைத் தடுக்கச் சேர்த்த வேதிப்பொருள் தீர்ந்துபோனால், உள்ளே வெப்பம் ஏறி, தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெப்ப நாடுகளில் இது இன்னும் விரைவு. ஆகவே அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதித்து, கெட்டதை அழித்தாக வேண்டும். கிடங்குக்கும் வீடுகளுக்கும் இடையே விடவேண்டிய தூரத்தை, வெடிமருந்தின் எடையைக்கொண்டு கணக்கிடும் முறை ஐ.நா. வழிகாட்டுநெறிகளில் உள்ளது. நகரம் வளரும்போது முதலில் மறக்கப்படுவது அந்தத் தூரமே.

நைஜீரியாவின் லாகோசில் 2002 சனவரி 27 அன்று (அதுவும் ஞாயிறுதான்) இராணுவக் கிடங்கு வெடித்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் குண்டு பட்டு இறக்கவில்லை. இருளில் ஓடி, ஆகாயத்தாமரை மூடிய கால்வாயில் விழுந்து மூழ்கினர்.

2021 மார்ச் 7-இல் எக்குவட்டோரியல் கினியின் பாட்டா நகரில் நூறு பேருக்கு மேல் இறந்தனர். படைமுகாமின் அலட்சியத்தோடு, அருகில் விவசாயிகள் மூட்டிய தீயையும் அரசு குறை கூறியது. விவசாயி தீ மூட்டும் நிலத்தருகே வெடிமருந்தை வைத்தது யார் என்பதல்லவா முதற்கேள்வி?